மேலே, வலது, வலது, கீழே

பார்வைச் சோதனை அட்டையை மாணவர்களுக்குத் தனித்தனியாகவே காட்ட வேண்டும். ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழக்கூடாது. கரும்பலகை தெரியவில்லையோ என்று ஐயம் எழும் மாணவரை ஆசிரியர் உடனே முன்வரிசைக்கு மாற்ற வேண்டும். அந்த மாணவரின் பெயரைத் தனிப் படிவத்தில் குறித்து, ஒரு வாரத்துக்குள் கண் மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும்.

விதி இவ்வளவுதான். பள்ளிக்கூடங்களுக்குச் சோதனைக்குப் போகிறவர்களுக்கென்று அச்சடித்த பழைய கையேடு ஒன்றில் இருந்தது. எங்கள் அரசாங்க அலுவலகம் இடம் மாறியபோது, அழிக்க வேண்டிய தாள்களின் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. அலமாரியின் அடித்தட்டில் கரையான் அரித்துக் கிடந்த அந்தக் கையேட்டைப் புரட்டினேன். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியை அழிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே விதிமீறல் அதுதான். ஓய்வூதிய விவகாரமெல்லாம் முடிந்துவிட்டதால் இப்போது சொல்லலாம்.

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே காலையில் கூடுகிற நண்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாம் நடந்து முடித்து, கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பிரஷர் எண்களைச் சொல்லிக்கொள்கிறோம். யாருக்காவது கொஞ்சம் குறைந்திருந்தால் மற்றவர்களுக்கு லேசான பொறாமைகூட வருகிறது. போன வாரம் பேச்சுவாக்கில், என் தங்கைக்கு எட்டு வயதில் இந்த வியாதி இருந்தது என்றேன். சிரித்தீர்கள். உங்கள் மேல் குறையில்லை. அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. தேக்காவுக்குப் பக்கத்தில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசாலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். மிளகாய் வறுக்கிற நாளில் வீட்டில் எல்லாரும் தும்முவோம். மல்லி வறுக்கிற நாள் நல்ல நாள். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் மாட்டுக் கொட்டகை வாடை வரும், அதனால் அம்மா அதைத் திறப்பதில்லை. அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி. இன்றைய பேச்சில் எழுத்தர். மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று மேலதிகாரி கேட்டால் கொடுக்க.

கீழ்க்கடை முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு. காரைக்கால் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கனத்த உடம்பு, நல்ல மனம். வாரம் ஒருமுறை ஒரு டாக்டர் பெட்டியோடு வருவார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். அங்கேயே கையை நீட்டுவார், டாக்டர் துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அழுத்துவார், பெட்டிக்குள் பாதரசம் ஏறும். நானும் தங்கையும் மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். தங்கைக்குப் பாதரசத்தின் மேல் ஆசை. ஒருநாள் டாக்டர் அவளைப் பார்த்து, உனக்கும் பார்க்கணுமா என்று விளையாட்டாகக் கேட்டார். அவள் சட்டென்று எழுந்து கையை நீட்டிவிட்டாள். படியில் இறங்கி வந்த அம்மா சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளுக்கு என்னங்க பிரஷர்? அவளா கடை நடத்துறா?"

முதலாளி குலுங்கிச் சிரித்தார். டாக்டரும் சிரித்து, பட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உங்களில் சிலர் அந்தக் காலத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மாதம் ஒரு பரீட்சை. மதிப்பெண் வரிசைப்படி இடம். முதல் ஐந்து பேர் முதல் பெஞ்சு, அடுத்த ஐந்து பேர் இரண்டாவது, இப்படியே ஆறாவது பெஞ்சுவரை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை வாத்தியார் பெயர்களைப் படிப்பார், பிள்ளைகள் புத்தகப் பையோடு இடம் மாறுவார்கள். முன்னுக்குப் போகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்தியும் பின்னுக்குப் போகிறவர்கள் தரையைப் பார்த்தும் நடப்பார்கள். நிர்வாகக் குழுவினர் இதை ஒழுங்கு என்றார்கள். ஐந்தாம் வகுப்பில் நான் முதல் பெஞ்சு. எனக்கும் அது ஒழுங்காகத்தான் பட்டது.

தங்கை அந்த ஜனவரியில் இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது முதல் பெஞ்சில் இரண்டாவது இடம். பிப்ரவரியில் மூன்றாவது பெஞ்சு. மார்ச்சில் கடைசி.

கணக்குப் போடத் தெரியாமல் போய்விடவில்லை. கரும்பலகையில் எழுதிய கணக்கை அவள் தப்பாகப் பார்த்துத் தப்பில்லாமல் போட்டாள். மூன்று எட்டாகவும் ஒன்று ஏழாகவும் தெரிந்தன. அதற்கான விடைகள் சரி. இதை நான் அவளுடைய சிலேட்டில் பார்த்தேன். பார்த்துவிட்டு, கவனமே கிடையாது உனக்கு என்று தலையில் குட்டினேன். தெரியாத பிள்ளையை இன்னும் தெரியாத இடத்தில் உட்கார வைக்கிற ஏற்பாடு அது. ஒரு பெஞ்சு பின்னால் போனால் இன்னும் கொஞ்சம் மங்கும், மங்கினால் இன்னொரு பெஞ்சு. இவ்வளவு கச்சிதமாக வேலை செய்த திட்டத்தை என் முப்பத்தைந்து ஆண்டு உத்தியோகத்தில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

காலையில் எழுந்ததும் அவளுக்குத் தலைவலிக்கும். பசியாறியதை வாந்தி எடுப்பாள். வாரத்துக்கு ஒருமுறையாவது மூக்கிலிருந்து ரத்தம் வடியும். அம்மாவுக்கு இதெல்லாம் ஒரே வார்த்தைக்குள் அடங்கியது: சூடு. சூட்டுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், போதவில்லை என்றால் செவ்வாயும். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். வாந்தியெடுத்த பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று உப்புத் தூக்கலாக மோர், கஞ்சி, தொட்டுக்கொள்ளக் கருவாடு. என் பங்குக்கு நானும் செய்தேன். பின்பெஞ்சுக்குப் போன அழுகையை நிறுத்த, முனைக் கடைச் சீனரிடம் தினமும் ‘அசாம் போய்’ ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உப்பில் ஊறிக் காய்ந்து, மேலே உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும் பழம். கண்ணாடி ஜாடியில் இருக்கும். தங்கை அதை ஒரு மணி நேரம் கன்னத்தில் ஒதுக்கிவைத்துச் சப்பி, கொட்டையைக் கழுவிச் சேர்த்து வைப்பாள். ஒரு பால் டின் நிறைய அந்தக் கொட்டைகள் இருந்தன.

அவள் உடம்பில் ஏறிக்கொண்டிருந்த ஒன்றை ஏற்றிவிட, குடும்பமே பாசத்தோடு பாடுபட்டது.

மார்ச் மாதம் மிஸ்ஸி வந்தார். தாதியை நாம் அப்படித்தான் சொல்வோம். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, கையில் மூங்கில் குச்சி, கக்கத்தில் சுருட்டிய அட்டை. சின்ன வகுப்புகளுக்கு எழுத்து அட்டை கிடையாது. மூன்று கால் உள்ள ஒரே உருவம் பெரிதிலிருந்து சிறிதாகக் கீழே கீழே போகும். கால்கள் மேலே பார்க்கிறதா, வலது பக்கமா, கீழேயா, இடது பக்கமா என்று சொன்னால் போதும். மிஸ்ஸி நல்லவர்தான். அன்றைக்கு அவருக்கு மூன்று பள்ளிக்கூடங்கள். அட்டையை வகுப்பின் முன்சுவரில் ஆணியடித்து மாட்டினார். பிள்ளைகளை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். வாத்தியார் தயங்காமல் பெஞ்சு வரிசைப்படி நிறுத்தினார்.

முதல் பெஞ்சுப் பிள்ளை உரக்கச் சொன்னான். அடுத்தவனும் உரக்க. எங்கள் வகுப்புக்கும் அவர்கள் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அந்த ராகம் என் காதிலும் விழுந்துகொண்டே இருந்தது. வாய்ப்பாடு மாதிரி: மேலே, வலது, வலது, கீழே, இடது, மேலே. தங்கை இருபத்தொன்பதாவது. அவள் முறை வந்தபோது ஒரு கண்ணை அட்டையால் மூடிக்கொண்டு நிறுத்தாமல் சொன்னாள். மறு கண்ணை மூடிக்கொண்டு அதே வேகத்தில் மறுபடியும் சொன்னாள். மிஸ்ஸி, வெரி குட் என்று சொன்னதும் கேட்டது.

இரண்டு நாள் கழித்து ஐந்தடியில் சில்லு விளையாடிக்கொண்டிருந்தோம். ஐந்தடி என்றால் கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்தக் கூரை போட்ட நடைபாதை. அவள் ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே முணுமுணுத்தாள்: மேலே, வலது, வலது, கீழே. கட்டத்தின் கோட்டை மிதித்தாள். மிதித்தது அவளுக்குத் தெரியவில்லை. அவளை நிறுத்திக் கேட்டேன்.

"அட்டை தெரிஞ்சுதா உனக்கு?"

"குச்சி தெரிஞ்சுச்சு அக்கா. கொஞ்சம்."

"அப்புறம் எப்படிச் சொன்னே?"

"எல்லாரும் அதையேதானே சொன்னாங்க."

யாரிடமும் சொல்லாதே என்றாள். சொன்னால் கண்ணாடி போட்டுவிடுவார்கள், சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள், ஏமாற்றினாள் என்று அப்பா பேசாமல் இருந்துவிடுவார். எனக்கும் சோடாபுட்டியின் அக்காவாக இருக்கப் பிரியமில்லை. சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. இந்த மூன்று வாரத்தை வேறு யார் கணக்கிலும் எழுத முடியாது.

பிறகு ஒரு சனிக்கிழமை தேக்காச் சந்தையில், மீன்கடைப் பக்கம், அம்மா முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தங்கை வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண்ணின் சேலையும் பச்சை, அம்மாவின் சேலையும் பச்சை. அவ்வளவுதான் ஒற்றுமை. அந்தப் பெண் பாதித் தெரு போன பிறகுதான் குனிந்து பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை இது என்று கேட்டாள். தங்கை அண்ணாந்து அவள் முகத்தை நேராகப் பார்த்து, அம்மா, கால் வலிக்குது என்றாள்.

அன்று மாலையே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அப்போது வீட்டில் இருந்தார். டாக்ஸி ஓட்டுகிறவர். தன்னுடைய டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தார். கண் நன்றாகவே இருந்தது. கறுப்பாக, பளபளவென்று, மையிட்ட கண்கள். சேதமெல்லாம் கண்ணுக்குப் பின்சுவரில் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"மச்சான், நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடலாம்லா. நான் வண்டி எடுத்துட்டு வர்றேன். அரை நாள் வேலை."

அப்பா அதற்குள் மேசையில் நீளத் தாளை விரித்திருந்தார். அவரைப் பொறுத்தவரை பிழை நடந்த இடம் பள்ளிக்கூடம். பதிவு தப்பாக ஏறியிருக்கிறது. தப்பான பதிவை முதலில் திருத்த வேண்டும். முதலில் ஒரு வரைவு, பிறகு நல்ல பிரதி, கார்பன் வைத்து ஒரு நகல். தம் மகள் மேற்படி சோதனையில் பிறர் சொல்லக் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்ததாகத் தெரிய வருவதால், அவளுக்கு மறுசோதனை செய்யும்படியும், அதுவரை முன்பெஞ்சில் அமர்த்தும்படியும் பணிவுடன் வேண்டிக்கொண்டார். தலைமையாசிரியர் வழியாக நிர்வாகக் குழுவுக்கு, குழு வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு, அங்கிருந்து சுகாதாரப் பிரிவுக்கு. அழகான கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை.

தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். மனு தம்முடைய பள்ளியைக் குறை சொல்கிறதா, மிஸ்ஸியைக் குறை சொல்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். குழு கூடும்போது வைக்கிறேன் என்று இழுப்பறைக்குள் போட்டார். குழு மாதத்துக்கு ஒருமுறை கூடும். அந்த மாதம் ஏற்கெனவே கூடிவிட்டது. முன்பெஞ்சைப் பற்றி வகுப்பு வாத்தியாரிடம் கேட்டேன். மனு மேலே போயிருக்கும்போது நான் கையை வைக்கக் கூடாதும்மா என்றார். அவர் பயந்த மனிதர். தங்கையைத் திட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் முழுக்கக் காத்திருந்தோம். மே மாதமும் வந்தது. தங்கை படியிறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். சோற்றில் கருவேப்பிலை எது, மிளகாய் எது என்று என்னைக் கேட்டுக்கொண்டாள். வெள்ளைச் சுவரில் கறுப்புத் துணி பறக்கிறது என்றாள். மாமா வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். கடைசியாக அவரும் அப்பாவும் பேசியதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். மாமாவின் குரல் தணிந்திருந்தது.

"கடுதாசி போகட்டும், வரட்டும். பிள்ளையைக் காட்டுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் மச்சான்?"

"மனு மேல இருக்கு மாப்பிளே. இப்ப நான் பக்கவாட்டுல போனா என்ன அர்த்தம்? மனு போட்டவனுக்கே அதுல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். அத்தோட கோப்பை மூடிடுவாங்க. அப்புறம் யாரைப் போய்க் கேக்கிறது?"

"உங்க ஆபீஸ் வேலை இல்ல மச்சான் இது."

"எல்லாம் ஆபீஸ் வேலைதான்."

அப்பா கல்நெஞ்சர் இல்லை. ஒவ்வொரு நாளும் அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் தங்கையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார். அவள் சொல்வது தப்பாக இருந்தாலும் சரி என்பார். பிறகு, பதில் வந்துடும்மா, என்பார். வரிசையில் நிற்கிறவனை யாரும் கைவிட மாட்டார்கள் என்று அவர் நம்பினார். யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் வரிசையை விட்டு விலகியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர். அதை நான் பின்னால் யோசித்துப் பார்த்ததுண்டு. யோசித்ததால் அவரை மன்னித்தேனா என்பது வேறு விஷயம்.

மனு நிலுவையில் இருக்கும்போது பிள்ளையை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி எங்காவது இருக்கிறதா என்று, உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வருடத்திலேயே தேடினேன். பொது உத்தரவுகள், சுற்றறிக்கைகள், திருத்தங்கள், திருத்தங்களின் திருத்தங்கள். அப்படி ஒன்று இல்லை. யார் வேண்டுமானாலும் எந்தக் காலையிலும் போய் வெளிநோயாளி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டுப் பக்கத்திலிருந்தே அங்கே போக, மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் இருந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை, அப்பாவுக்கும் அன்று விடுப்பு. தங்கை எண்ணெய் தேய்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தண்ணீரை விளாவிக்கொண்டிருந்தபோது அவள் கை கால்கள் வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகின. எண்ணெய் வழுக்கி அம்மாவால் அவளைப் பிடிக்க முடியவில்லை. நான் கீழே ஓடினேன். முதலாளி கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தன் கனத்த உடம்போடு தெருமுனைக்கு ஓடி டாக்ஸி நிலையத்திலிருந்த மாமாவைக் கூட்டிவந்தார். பிள்ளையைப் போர்வையில் சுற்றி வண்டியில் கிடத்தி, அம்மா ஏறி, நானும் ஏறிவிட்டேன். அப்பா மட்டும் திரும்பி மாடிக்கு ஓடினார். மாமா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்பா மனுவின் கார்பன் நகலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் சீன டாக்டர். ஊசி போட்டு இழுப்பை நிறுத்தினார். பிறகு அறையை இருட்டாக்கச் சொல்லி, சின்ன விளக்கு பொருத்திய கருவி ஒன்றைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தோடு முகம் வைத்து அவள் கண்ணுக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மறு கண்ணையும் பார்த்தார். விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, பிரஷர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளைக்கா என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸி கேட்டார்.

பெட்டி வந்தது. கீழ்க்கடையில் பார்த்த அதே மாதிரிப் பெட்டி. பெரியவர்களுக்கான பட்டை அவளுடைய மேல்கை முழுவதையும் மூடி முழங்கையையும் தாண்டியது. அப்படி அகலமான பட்டை உள்ளதைவிடக் குறைத்துத்தான் காட்டும் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். குறைத்துக் காட்டியும் பாதரசம் எகிறியது. டாக்டர் நம்பாமல் மறுபடி பார்த்தார். பெட்டியில் கோளாறோ என்று, பக்கத்தில் நின்ற அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். அப்பாவுக்குச் சரியாக இருந்தது. எந்தக் குறையும் இல்லாத ரத்த அழுத்தம்.

அதன் பிறகுதான் டாக்டர் கேட்டார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், ஆனால் அந்தப் பேச்சு எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"பார்வை மங்கி எவ்வளவு நாளாகிறது?"

"ஐந்து மாதம் இருக்கும், ஐயா."

"ஏன் கொண்டுவரவில்லை?"

அப்பா நகலை நீட்டினார். "மனு நிலுவையில் இருந்தது, ஐயா."

டாக்டர் அந்தத் தாளை வாங்கி முழுவதும் படித்தார். மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் அப்பா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூலகாரணம் சிறுநீரகம் என்றார். இரண்டு மூன்று வருடத்துக்குமுன் சிரங்கு வந்ததா, பிறகு முகம் ஊதி, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனதா என்று கேட்டார். அம்மாவுக்கு நினைவு வந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தங்கைக்கு ஐந்து வயதில், சிரங்கு ஆறிய கையோடு, ஒரு வாரம் கன்னங்கள் உப்பி, கண்கள் சிறுத்து, பொம்மை மாதிரி இருந்தாள். ஒல்லிப் பிள்ளைக்குச் சதை போட்டுவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். சதை இறங்குமுன் பட்டுப்பாவாடை கட்டி, சிராங்கூன் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தோம். தங்கையின் படம் என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அவளுடைய வியாதியைப் படமெடுத்துச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி வந்திருக்கிறோம். பின்னால் வீடு மாறியபோது அந்தப் படம் தொலைந்தது. அம்மாதான் தொலைத்தாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

உப்பை அடியோடு நிறுத்தினார்கள். மருந்து கொடுத்தார்கள், அப்போது இருந்த மருந்துகள் சில, அவையும் பெரியவர்களுக்கானவை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, நரம்பு வீங்கியிருக்கிறது, பிரஷர் இறங்கினால் கொஞ்சம் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொன்னார். முன்பே வந்திருந்தால் என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வார்டுக்குள் அனுமதி இல்லை. எனக்குப் பதினொன்று. அந்த விதி மட்டும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டது. நான் கீழே புல்தரையில், மழைமரத்தின் பக்கத்தில் நிற்பேன். அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு முதல் மாடி வராந்தாவுக்கு வருவாள். அக்கா கீழே நிற்கிறா, கையைக் காட்டு என்பாள். தங்கை கையை ஆட்டுவாள், நான் நிற்கும் பக்கமாகவே ஆட்டுவாள். எனக்கு நம்பிக்கை வந்தது. குரல் வருகிற திசை என்று அப்போது தோன்றவில்லை.

ஜூன் மாதம் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, அவளுக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அசாம் போய் கொண்டுவந்தியா என்று மேலிருந்து கேட்டாள். டாக்டர் திட்டுவார் என்றேன். சரி, விளையாடலாமா என்றாள். மிஸ்ஸி விளையாட்டு. நான் கையால் காட்டுகிறேன், நீ சொல் என்றேன். எனக்கு அது விளையாட்டு இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக மனதில் வைத்திருந்தேன். இரண்டு கைகளையும் சேர்த்துக் கீழே நீட்டினேன்.

"மேலே," என்றாள்.

அவள் பார்வைக்கு இடது பக்கமாக நீட்டினேன்.

"வலது."

கையை நகர்த்தாமல் அப்படியே வைத்துக்கொண்டேன்.

"வலது," என்றாள். பிறகு நான் எதுவும் காட்டாமலேயே, அவசரமில்லாமல், ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள். கீழே, இடது, மேலே. அம்மா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சரியா அக்கா?"

"எல்லாம் சரி," என்றேன். "வெரி குட்."

ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் அவள் போய்விட்டாள். மூளைக்குள் ரத்தம் என்றார்கள். கீழ்க்கடை முதலாளி மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த டாக்டர் வாரச் சோதனைக்கு வந்தபோது, கல்லாவில் உட்காராமல் பின்கட்டுக்குள் போய்க் கையை நீட்டினார். கொட்டைகள் இருந்த பால் டின்னை நான் பள்ளிக்கூடப் பைக்குள் வெகுநாள் வைத்திருந்தேன். எங்கே விட்டேன் என்று நினைவில்லை.

பதில் வந்தது. நீளமான காக்கி உறை. கூடவே திரும்பி வந்த மனுவின் முதுகில் இருந்த முத்திரைகளை வைத்து, பிற்பாடு, அது எங்கெங்கே எவ்வளவு நாள் தங்கியது என்று நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியரின் இழுப்பறையிலும் குழுவிடமும் ஒரு மாதத்துக்கு மேல். மற்ற இரண்டு இடங்களிலும் அவரவருக்கு உரிய அளவு. யாரும் விதியை மீறித் தாமதிக்கவில்லை. கடிதம் சுருக்கமாக இருந்தது. மேற்படி மாணவியின் பார்வை இரு கண்களிலும் குறையின்றி இருப்பதாகப் பதிவேடு காட்டுகிறது. ஆகவே மறுசோதனைக்கு அவசியமில்லை. அடுத்த ஆண்டுச் சோதனையின்போது கவனிக்கப்படும். எனினும் பெற்றோர் விரும்புவதால், மாணவியை முன்பெஞ்சில் அமர்த்த ஆட்சேபணை இல்லை.

அப்பா அதை நின்றபடியே படித்தார். மொட்டையடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. பிறகு மேசையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டாவது பேனாவை, மேலதிகாரிக்கென்று வைத்திருந்ததை, எடுத்தார். வருகிற எந்தக் கடிதத்துக்கும் செய்வதைப் போல, வலது மேல்மூலையில் சின்ன எழுத்தில் எழுதினார்: பெறப்பட்டது, ஜூன் 22, புதன்கிழமை.